தனியேயா, குடும்பத்தோடா?

சென்ற ஆண்டில் ஒருநாள் மாலை, நமக்கு நெடுநாட் பழக்கமுள்ள கனவான் ஒருவர் நம் அலுவலகத்திற்கு வந்திருந்தார். பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்றைப் பற்றி யோசனை கேட்கவே வந்தார். ஆயினும் பத்திரம் மடியிலேயே கிடந்தது. பேச்சு அவருடைய மகனைப் பற்றியே சுழன்றது. பதினேழு பிராயமுள்ள அப்பிள்ளை இரண்டு மாதங்களாகப் பள்ளிக்குச் செல்லாமல், அறையைத் தாளிட்டுக்கொண்டு, உற்றார் முகத்தில் விழியாதிருந்தான். மனநோய் வைத்தியர் ஒருவர் அவனைத் தனியே விசாரித்தபின், "அடுத்த முறை தாய், தந்தை, தமக்கை எல்லாரும் உடன் வாருங்கள், சேர்ந்திருந்து பேசுவோம்" என்றாராம். நம் நண்பருக்கு அது பெருங் கோபத்தை மூட்டிவிட்டது. "நோய் அவனுக்கா, எனக்கா? என்னை ஏன் கூண்டில் ஏற்றுகிறார்?" என்று நம்மைக் கேட்டார். மேடையேறினால் ஆயிரம் பேரை அசைக்கவல்ல மனிதர் அவர்!

இக்கேள்வி அவர் ஒருவருக்கே உரியதன்று. மனத்துயருக்கு வைத்தியம் தேடும் ஒவ்வொரு வீட்டிலும் இது எழுகின்றது. ஆதலின் இதனைச் சிறிது ஆராய்வோம்.

மனச் சிகிச்சையில் இருவழிகள் உண்டு. ஒன்று தனியாள் சிகிச்சை: துன்புறுவோர் ஒருவரும் சிகிச்சையாளர் ஒருவருமாக அமர்ந்து, அச்சத்தையும் துயரையும் பழக்கங்களையும் ஆராய்ந்து மாற்ற முயல்வது. மற்றொன்று குடும்பச் சிகிச்சை: வீட்டார் பலரும் ஒருங்கே அமர, ஒருவரோடொருவர் பழகும் முறையையே சிகிச்சைக்கு உட்படுத்துவது. வியன்னா நகரத்து பிராய்டு காலந்தொட்டு முதல் வழியே மேலோங்கி நின்றது. 1950-களில் அமெரிக்காவில் நாதன் அக்கர்மன் முதலிய வைத்தியர்கள், ஒருவனை அவன் வாழும் வீட்டினின்றும் பிரித்து அறிய முடியாது என்று கருதிக் குடும்பத்தையே ஒருங்கு அழைத்துப் பேசலாயினர்.

இதை மேனாட்டுப் புதுமை என்று ஒதுக்குவோர் நம் நாட்டுச் சரித்திரத்தை அறியாதவர். அதே 1950-களில் அமிர்தசரசு மனநோய் மருத்துவமனையின் தலைவராயிருந்த டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் உறவினரை வாயிலில் நிறுத்தித் திருப்பியனுப்பவில்லை. மருத்துவமனை வெளியில் கூடாரமடித்து அவர்களை நோயாளிகளோடு தங்கச் செய்தார். நமது வேலூரிலும் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையம், நோயாளியோடு உறவினரும் தங்கிச் சிகிச்சையில் பங்கு பெறும் முறையைக் கைக்கொண்டது. பூட்டிய மதில்களுக்குள் நோயாளியைத் தள்ளிவிட்டு உறவினர் மறைந்துபோகும் கொடுமைக்கு இவை மாற்றாயமைந்தன.

அப்படியாயின் குடும்பச் சிகிச்சையே எஞ்ஞான்றும் சிறந்ததோ? அன்று. லண்டனில் நடந்த ஒரு பரிசோதனை இதற்குத் தக்க சான்று. உணவை மறுத்து உடல் மெலியும் அனரெக்ஸியாவும், அதனைச் சார்ந்த புலிமியாவும் கண்டு மருத்துவமனையில் தேறி வெளிவந்த 80 பேரை, ஒரு சாராருக்குக் குடும்பச் சிகிச்சையும் மறுசாராருக்குத் தனியாள் சிகிச்சையும் ஓராண்டு அளித்துப் பார்த்தனர். முடிவு 1987-இல் வெளியாயிற்று. பதினெட்டு பிராயத்திற்குள் அனரெக்ஸியா தொடங்கி, மூன்றாண்டு கடவாதவர்களுக்குக் குடும்பச் சிகிச்சையே தெளிவாக மிக்க பயன் தந்தது. பிராயம் முதிர்ந்தபின் நோய் கண்டவர்களுக்கோ தனியாள் சிகிச்சையே ஏற்றதாகக் காணப்பட்டது. ஐந்தாண்டு கழித்து ஆராய்ந்தபோதும் முந்திய முடிவு பெரும்பாலும் நிலைத்தே இருந்தது. நோய் ஒன்றே, ஆயினும் வயதும் காலமும் மாறவே வழியும் மாறிற்று. "எது சிறந்தது?" என்பது பிழையான வினா, "யாருக்கு, எந்நிலையில்?" என்பதே சரியான வினா.

இங்கே ஓர் ஐயத்தை நீக்கவேண்டும். குடும்பத்தை அழைப்பது குடும்பத்தின்மேல் பழி சுமத்துவதன்று. மனச்சிதைவு நோயாளர் வீடு திரும்பியபின் என்னாகின்றனர் என்பதை ஜார்ஜ் பிரௌன் முதலிய ஆங்கில ஆராய்ச்சியாளர் ஆராய்ந்து, 1972-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். ஓயாது குறைகூறுதலும் வெறுப்பும், அளவு மீறித் தாங்கிப் பிடித்தலும் மிகுந்த வீடுகளில் நோய் மீண்டும் தலைகாட்டுதல் அதிகம் என்பதே அது. வீட்டார் நோயை உண்டாக்கினர் என்று இதற்குப் பொருளில்லை. மருந்தும் வேண்டும், அதனோடு வீட்டாரின் சொல்லும் மருந்தாக வேண்டும். நீரிழிவு நோயாளி ஒருவர் இருக்கும் வீட்டில் சமையலறை முழுவதும் மாறவில்லையா? அதனால் சமைத்தவர் குற்றவாளியாகிவிடுவாரோ?

இனி மறுபுறத்தையும் நோக்குவோம். வழக்கறிஞராகிய நமக்கு நன்கு தெரிந்த உண்மை ஒன்றுண்டு: அஞ்சத்தக்கவன் எதிரே நிற்கையில் சாட்சியின் நா எழாது. அடிபட்ட மனைவியை அடித்த கணவன் அருகில் அமர்த்தி, "உள்ளதைச் சொல் அம்மா" என்றால், அவள் எதைச் சொல்வாள்? சொல்லிவிட்டால், வீடு திரும்பியபின் அவள் கதி யாது? இத்தகைய வீட்டில் குடும்பச் சிகிச்சை என்பது சிகிச்சையன்று. கொடுமைக்குப் போர்த்த போர்வை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பதினான்காம் பிரிவில், இருதரப்பாரையும் தனித்தனியாகவோ சேர்த்தோ ஆலோசனைக்கு அனுப்ப மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தருகின்றது. 'சேர்த்து' என்பதோடு நில்லாமல் 'தனித்தனியாக' என்பதையும் சட்டம் வைத்ததன் கருத்தை ஊன்றி உணர்தல் வேண்டும். அச்சட்டத்தின்கீழ் எழுந்த 2006-ஆம் ஆண்டு விதிகளும், ஆலோசனையின்போது எதிர்த்தரப்பார் தாம் செய்த வன்முறைக்கு நியாயம் கற்பிக்க இடந்தரலாகாதென விதிக்கின்றன.

அவ்வாறே, வெளியிட அஞ்சும் பழைய காயம் ஒன்றை உள்ளத்தே புதைத்திருப்போருக்கும், தற்கொலை எண்ணத்தால் வருந்துவோருக்கும், தம் வாழ்வின் போக்கைத் தாமே தீர்மானிக்க விழையும் வயது வந்தோருக்கும் முதலில் தனியிடமே தேவை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் இரகசியம் காக்கப்படும் உரிமையை வழங்கியுள்ளது. உயிராபத்தைத் தடுத்தல் முதலான சில விலக்குகள் உண்டெனினும், பொதுவிதி இரகசியமே. கட்டணம் கொடுத்தவர் நாம் என்பதால், உள்ளே பேசியது அனைத்தையும் கேட்டறியும் உரிமை நமக்கு வந்துவிடாது.

ஆகவே, வழி தேடும் குடும்பஸ்தர் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளட்டும். துன்பம் ஒருவர் உள்ளத்தில் மட்டும் உறைகின்றதா, வீட்டார் பழகும் முறையிலும் பரவியுள்ளதா? துன்புறுவோர் பிறர் தாங்க வேண்டிய சிறு பிராயத்தினரா, தம் காலில் நிற்க வேண்டியவரா? எல்லாவற்றினும் முக்கியமாக, அவர் நம் எதிரில் அஞ்சாமல் வாய் திறக்க முடியுமா? மூன்றாவதற்கு விடை 'இல்லை' என்றால், வேறு ஆராய்ச்சி வேண்டா, முதலில் தனியறை. பின்னர் அவரே இசைந்தால் குடும்பம் கூடலாம். இரண்டையும் ஒருங்கே நடத்துவதும் உண்டு. ஒன்றைக் கொண்டதால் மற்றதைத் துறக்க வேண்டுவதில்லை. யாரை நாடுவதென்று அறியாதோர், மத்திய சர்க்கார் 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

நேயர்களே! நம் வீடுகளில் இந்தத் தேர்வைச் செய்பவர் நோயாளியல்லர், பெரும்பாலும் நாமே. மகளைத் தனியே விட வேண்டிய இடத்தில், "நானும் உள்ளே இருப்பேன்" என்கிறோம். உடன் அமர வேண்டிய இடத்தில், "அவளைச் சரிசெய்து அனுப்புங்கள்" என்று வாயிலில் நின்றுவிடுகிறோம். இரண்டிடத்தும் நாம் காப்பது நோயாளியையன்று, நம் கௌரவத்தையே. ஊருக்கு உரிமை பேசும் நாவு, வீட்டில் பிறர் பேசும்போது சற்று அடங்கியிருக்கக் கற்பது அருமையான காரியம். ஆயினும் செய்தே தீரவேண்டிய காரியம்.

நம் நண்பர் முடிவில் சென்றார். முதல் இரண்டு முறையும் அவரே பேசித் தீர்த்தாராம். மூன்றாம் முறை வைத்தியர் அவரைச் சற்றுப் பேசாதிருக்க வேண்டினார். நெடுநேர மௌனத்திற்குப் பின் பிள்ளை வாய் திறந்தான். அவன் சொன்னது என்னவென்று நண்பர் நமக்குக் கூறவில்லை, நாமும் கேட்கவில்லை. பிள்ளை இன்னும் முற்றும் தேறினானில்லை. தனியேயும் வைத்தியரைக் கண்டு வருகிறான். ஆனால் அவ்வறைக் கதவு இப்போது தாளிடப்படுவதில்லையாம்.