நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைமேலுள்ள வெள்ளிமலைக்குப் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? மலை ஏறத் தொடங்கியதும் ஓட்டுநர் ஒவ்வொரு வளைவிலும் ஹாரனை அழுத்துவார், வேகத்தைக் குறைப்பார். ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். நம் நெஞ்சு படபடக்கும். திரும்பி வந்து சேலம் – உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையை அடைந்ததும், 'அப்பாடா, இனி அச்சமில்லை' என்று இருக்கையில் சாய்ந்துகொள்வோம்.

உண்மையில் நாம் அதிகம் எச்சரிக்கையாக இருக்கவேண்டிய இடம் அதுதான். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகள் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால் இறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் அவற்றில்தான் மாண்டனர். அகலமான நல்ல சாலையில் ஏன் இப்படி? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இரண்டு தூரங்கள்

சாலையில் ஒரு மாடு குறுக்கே வருகிறது. அதைக் கண் காணவேண்டும். ஆபத்து என்று மூளை உணரவேண்டும். கால் பிரேக்கை அழுத்தவேண்டும். இதற்குள் வண்டி பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். பிரேக் பிடித்த பிறகும் அது சிறிது தூரம் சென்றே நிற்கும். இவ்விரண்டு தூரங்களின் கூட்டுத்தொகையே வண்டி நிற்கத் தேவையான தூரம்.

1934-இல் தோன்றிய இந்திய சாலைக் காங்கிரஸ் என்னும் பொறியாளர் அமைப்பு, சாலை அமைப்பதற்கான அளவுகளை வகுத்துத் தருகிறது. கண்டு உணர்ந்து காலை அழுத்த இரண்டரை வினாடி என்று அது வைத்துக்கொள்கிறது. மணிக்கு 50 கிலோ மீட்டர் வேகத்தில் இந்த நேரத்தில் வண்டி 35 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்தபின் மேலும் சுமார் 27 மீட்டர். மொத்தம் ஏறத்தாழ 60 மீட்டர்.

வேகம் 100 கிலோ மீட்டரானால்? முதல் தூரம் இரு மடங்காகி 70 மீட்டராகும். இரண்டாவது தூரம் இரு மடங்கோடு நிற்பதில்லை. ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே அது நான்கு மடங்குக்கும் சற்று மேலாகி 110 மீட்டரை எட்டுகிறது. மொத்தம் 180 மீட்டர். வேகம் இரு மடங்கு. தேவைப்படும் தூரமோ மூன்று மடங்கு!

மலைச் சாலையில் 25 கிலோ மீட்டர் வேகத்துக்கு 25 மீட்டர் போதும். ஒடுங்கிய சாலையில் இரு வண்டிகள் எதிரெதிரே வரலாம் என்பதால் அதைப்போல் இரு மடங்கு தூரம் கண்ணுக்குத் தெரியவேண்டும். அதற்காகவே வளைவின் உட்புறப் பாறையைச் செதுக்குகிறார்கள், புதர்களை வெட்டுகிறார்கள். இறக்கத்தில் புவியீர்ப்பும் வண்டியை இழுப்பதால் நிற்கும் தூரம் கூடும். விடாமல் அழுத்தினால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஆகவே ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும் என்பது ஓட்டுநர்களின் பாடம்.

மலை தன் ஆபத்தை மறைப்பதில்லை. பள்ளத்தைப் பார்த்ததும் கால் தானாகவே பிரேக்குக்குப் போகிறது.

சாலை சொல்லும் பொய்

சமவெளியில் நிலைமை வேறு. சேலம் – உளுந்தூர்ப்பேட்டை சாலை நான்கு வழியாக அகலப்படுத்தப்பட்டபோது, கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர், வாழப்பாடி போன்ற ஊர்களின் புறவழிச்சாலைகள் இருவழியாகவே அமைக்கப்பட்டன. நடுத்திட்டுடன் கூடிய சாலையில் விரைந்து வந்த வண்டி, திடீரென்று எதிர்வண்டியும் வரும் சாலைக்குள் நுழைந்தது. நேருக்கு நேர் மோதல்கள் பல நிகழ்ந்து உயிர்கள் போயின. பின்னர் அவற்றையும் நான்கு வழியாக்கத் திட்டமிட்டார்கள்.

எதிரெதிரே 100 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் இரு வண்டிகள் மோதாமல் நிற்க 360 மீட்டர் வேண்டும். ஆனால் அவற்றுக்கிடையிலான தூரமோ வினாடிக்கு 55 மீட்டர் வீதம் குறைகிறது!

'ஓட்டுநர் வேகத்தைக் குறைத்திருக்கலாமே?' என்று கேட்பீர்கள். பிரிட்டனில் டென்டன் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்தார். நெடுநேரம் விரைந்து ஓட்டியவர், வேகத்தை வெகுவாகக் குறைத்துவிட்டதாக நினைக்கும்போதும் உண்மையில் அதைவிட விரைவாகவே செல்கிறார் என்று கண்டார். கண் வேகத்துக்குப் பழகிவிடுகிறது. இதற்கு மாற்றாகச் சாலையின் குறுக்கே கோடுகளைப் போட்டு, அவற்றின் இடைவெளியைப் படிப்படியாகக் குறைத்தார்கள். வேகம் கூடுவதுபோன்ற மயக்கம் ஏற்பட்டு, ஓட்டுநர் தாமே வேகத்தைக் குறைக்கிறார்.

சுவீடன் நாட்டு ஆய்வாளர் நில்சன் சாவுகளின் கணக்கை ஆராய்ந்தார். ஒரு சாலையின் சராசரி வேகம் 5 விழுக்காடு கூடினால் உயிரிழப்பு ஏறத்தாழ 20 விழுக்காடு கூடும் என்பது அவர் கண்ட விதி. அதே நாட்டில் 1998 முதல், இருவழிச் சாலைகள் பலவற்றை மூன்று தடங்களாகப் பிரித்து, எதிரெதிர்த் தடங்களுக்கிடையே எஃகு வடங்களை வேலியாகக் கட்டினார்கள். முந்திச்செல்லும் தடம் இரு திசையினருக்கும் மாறிமாறிக் கிடைக்கும். சாலையை அகலப்படுத்தாமலேயே உயிரிழப்புகள் பெருமளவு குறைந்தன.

இந்த ஆய்வுகள் நமக்குச் சொல்வது ஒன்றே. மனிதன் தவறு செய்வான். அந்தத் தவறு உயிரைப் பறிக்காதபடி சாலையை அமைப்பது பொறியாளரின் கடமை. கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் செல்வது நம் கடமை.

மாணவர்களே, ஒன்று செய்து பாருங்கள். பள்ளி விளையாட்டுத் திடலில் 60 மீட்டரை அளந்து ஒரு கொடி நடுங்கள். இடமிருந்தால் 180 மீட்டரில் இன்னொன்று நடுங்கள். தொடக்கக் கோட்டில் நின்று இரண்டையும் பாருங்கள். அடுத்த முறை உங்கள் அண்ணன் மோட்டார் சைக்கிளை முறுக்கும்போது, அந்த இரண்டாவது கொடியை அவருக்கு நினைவூட்டுங்கள்.