பின் கழலும் விதம்

தொழில் பழகுதல் – 11

மும்பையின் பாண்டுப் மேற்கில் எல்.பி.எஸ். மார்க் சாலையை ஒட்டிய சந்துகளுக்குள் நுழைந்தால் சின்னச் சின்னத் தொழிற்கூடங்கள். வேலை பார்ப்பவர்களில் நம் ஊர் முகங்களும் உண்டு. சுவரில் ஒரு சிவப்பு உருளை மாட்டியிருக்கும். அந்தத் தீயணைப்பானை எடுத்து ஒருமுறையாவது அடித்துப் பார்த்தவர்கள் அபூர்வம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு தடவை அழுத்திவிட்டால் மீண்டும் நிரப்பியாக வேண்டும், அதற்குக் காசு. பவுடர் பறந்தால் அன்றைய வேலையும் பாழ்.

இந்த இடத்தில்தான் வி.ஆர். எனப்படும் மெய்நிகர் பயிற்சி உள்ளே வருகிறது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் தீ எரியும், புகை சூழும்; எத்தனை முறை வேண்டுமானாலும் அணைத்துப் பழகலாம். பாண்டுப்புக்கு இந்தப் பழக்கம் எவ்வளவு அவசியம் என்பதை 2021 மார்ச் 25 நள்ளிரவு காட்டியது. இங்குள்ள டிரீம்ஸ் மாலில் தீப்பிடித்தது. மூன்றாம் மாடியில் இயங்கிய மருத்துவமனையில் கோவிட் நோயாளிகள் படுத்திருந்தார்கள். புகை மேலேறியது. பலர் பிழைக்கவில்லை. அந்தத் துயரத்துக்குக் காரணங்கள் பல. பயிற்சி ஒன்றே எல்லோரையும் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எந்தத் தீயிலும் முதல் ஓரிரு நிமிடங்களில் பக்கத்தில் நிற்பவரின் கைக்கு என்ன தெரியும் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அந்தக் கைக்கு வி.ஆர். என்ன சொல்லிக்கொடுக்கிறது?

தீயணைப்பானை இயக்க நான்கு செயல்கள்: கைப்பிடியைப் பூட்டி வைத்திருக்கும் பின்னை இழுப்பது, முனையைத் தீயின் அடிப்பாகத்தை நோக்கிப் பிடிப்பது, கைப்பிடியை அழுத்துவது, இடவலமாக வீசுவது. மனப்பாடம் செய்ய ஒரு நிமிடம் போதும். சிக்கல் கையில் இருக்கிறது. பதற்றத்தில் உருளையைத் தூக்குகிறவர் மேல்பிடியையும் கீழ்ப்பிடியையும் சேர்த்து இறுக்கிவிடுவார். இறுக்கினால் நடுவில் பின் நெரிபட்டு மாட்டிக்கொள்ளும். இழுக்க இழுக்க வராது. பிடியைத் தளர்த்தி, பிளாஸ்டிக் முத்திரையை முறுக்கி அறுத்து, அப்புறம் இழுக்க வேண்டும். ஆறு கிலோ பவுடர் உருளை என்றால் மொத்த எடை பத்துக் கிலோவை நெருங்கும். அடிக்க ஆரம்பித்தால் பெரும்பாலும் இருபது விநாடிக்குள் தீர்ந்துவிடும்.

இனி, அவசரமாகச் செய்த ஒரு வி.ஆர். பயிற்சியை நினைத்துப் பாருங்கள். கன்ட்ரோலரை உருளையின் அருகே கொண்டுபோனால் உருளை தானே கையில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு பொத்தானைத் தட்டினால் பின் பறந்துபோகிறது. ட்ரிக்கரை அழுத்தினால் பவுடர், அதுவும் தீரவே தீராத பவுடர். தீயின் நுனியில் அடித்தாலும் அணைகிறது. பயிற்சி முடிந்து வெளியே வருகிறவரின் விரல் பழகியிருப்பது ட்ரிக்கரை மட்டுமே. உண்மையான உருளையின் முன் அவர் மறுபடியும் புதியவர். ஆனால் தனக்குத் தெரியும் என்ற நம்பிக்கை வேறு சேர்ந்திருக்கிறது. அந்த நம்பிக்கைதான் எனக்குப் பயம் தருகிறது.

இதைச் சரிசெய்ய அதிகச் செலவு ஆகாது. ஒரு கை பிடிக்க, மறு கைதான் இழுக்க வேண்டும் என்று வைக்கலாம். பிடியை இறுக்கியிருந்தால் பின் வராது என்று வைக்கலாம். பவுடர் தீர்ந்துபோகட்டும். நுனியில் அடித்தால் தீ எரிந்துகொண்டே இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால், காலி உருளை ஒன்றில் சென்சார் பொருத்திக் கையில் கொடுத்துவிடலாம். எடை அங்கேயே கிடைத்துவிடும்.

படத்தின் தத்ரூபத்தைவிட கையின் தத்ரூபம் பெரிது என்பதற்கு எனக்குத் தெரிந்த அழுத்தமான சான்று அறுவை சிகிச்சைத் துறையிலிருந்து வருகிறது. 2002இல் வெளியான அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வில் 16 பயிற்சி மருத்துவர்கள் கலந்துகொண்டார்கள். ஒரு பகுதியினர் மிஸ்ட் வி.ஆர். என்ற கருவியில் பழகினார்கள். அதன் திரையில் ரத்தமும் இல்லை, சதையும் இல்லை; வெறும் உருண்டைகளும் பெட்டிகளும். ஆனால் இரு கைகளிலும் இருந்தவை லேப்ராஸ்கோப்பி கருவியின் கைப்பிடிகள். பிறகு நிஜமான அறுவையில் அவர்கள் மற்றவர்களைவிட 29 சதவீதம் வேகமாகப் பித்தப்பையைப் பிரித்தெடுத்தார்கள். அப்படிப் பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ தவறான திசுவைச் சுடவோ ஐந்து மடங்கு அதிக வாய்ப்பு இருந்தது.

எதிர்த்திசையில் இன்னொரு ஆய்வு. கீடோ மக்ரான்ஸ்கி குழுவினர் 2019இல் வெளியிட்டது. 52 கல்லூரி மாணவர்களுக்கு ஒரே அறிவியல் ஆய்வகப் பாடத்தைச் சாதாரணக் கணினியிலும் வி.ஆரிலும் கொடுத்துப் பார்த்தார்கள். வி.ஆரில் 'அங்கேயே இருப்பது போன்ற' உணர்வு கூடியது, கற்றது குறைந்தது. மூளை அலைப் பதிவும் சுமை ஏறியதைக் காட்டியது. பாதுகாப்பு விதிகளைப் பலகை பலகையாக வானத்தில் மிதக்கவிடும் வி.ஆர். பயிற்சிகளைச் செய்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். படிக்க வேண்டியதைக் காகிதத்தில் கொடுங்கள், தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் கொடுங்கள்.

தீப்பிடித்த கட்டடத்திலிருந்து வெளியேறும் பயிற்சிக்கும் இதே கேள்வி உண்டு. பெரும்பாலான வி.ஆர். உலகங்களில் நடப்பதில்லை; ஓர் இடத்தைச் சுட்டினால் அங்கே தாவிவிடலாம். தலைசுற்றலைத் தவிர்க்க இது நல்ல உத்தி. ஆனால் இப்படி ஒரே நொடியில் இடம் மாறுகிறவர்களுக்குத் திசை குழம்புகிறது என்று டக் போமன் குழுவினர் 1997இலேயே கண்டார்கள். புகைக்குள் எந்தப் பக்கம் படிக்கட்டு என்பதுதான் பாடம் என்றால், தாவவிடுவது பாடத்தையே வெட்டி எறிவது. குனிந்து போவதையும் பொத்தானில் அடக்கிவிடக் கூடாது. முழங்கால் மடங்க வேண்டும்.

நம் பக்கத்தில் வெல்டிங்கில், கைதான் பழக வேண்டும் என்ற இந்தப் புரிதல் ஏற்கெனவே வந்திருக்கிறது. சென்னையின் ஸ்கில்வெரி நிறுவனம் செய்யும் சிமுலேட்டரில் மாணவர் டார்ச்சைக் கையில் பிடித்தே பழகுகிறார். கோணம், இடைவெளி, நகர்த்தும் வேகம் எல்லாம் அளக்கப்படுகின்றன. இங்கும் ஓர் எச்சரிக்கை. சரியான கோணத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் கண் விளக்கைத்தான் பார்க்கும், உருகும் இரும்பைப் பார்க்காது. ஒவ்வொரு முயற்சிக்கும் முடிவைச் சொல்வதைவிட பாதி முயற்சிகளுக்கு மட்டும் சொன்னால், பின்னாளில் திறன் நன்றாக நிற்கிறது என்று வின்ஸ்டீனும் ஷ்மிட்டும் 1990இல் காட்டினார்கள். குறிகாட்டிகளை ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும்.

பாண்டுப்புக்குப் பக்கத்திலேயே பவாயில், ஐ.ஐ.டி. பம்பாயின் கல்வித் தொழில்நுட்பத் துறையில் பேராசிரியர் ராம்குமார் ராஜேந்திரனும் அவருடைய ஆய்வு மாணவர்களும், வி.ஆருக்குள் கற்பவர் எதைத் தொட்டார், எதைத் திருப்பினார் என்று ஒவ்வொரு ஊடாட்டத்தையும் பதிவுசெய்யும் வழிகளை ஆராய்ந்து வருகிறார்கள். தொழிற்சாலைகள் வி.ஆர். வாங்கும்போது கேட்க வேண்டியது இந்தப் பதிவைத்தான். 'பயிற்சி முடித்தார்' என்ற ஒற்றை வரி எதற்கும் உதவாது. பின்னை இழுக்க எத்தனை தடவை தடுமாறினார், எந்தக் கதவை முதலில் நாடினார் என்பது தெரிய வேண்டும்.

அதோடு ஒன்று. நிரப்பும் காலம் வந்த உருளைகளை எப்படியும் காலி செய்துதான் ஆக வேண்டும். நிரப்பித் தரும் ஏஜென்சிக்காரர் எடுத்துப்போகும் முன், ஒரு மாதத்துக்கு முன்பு ஹெட்செட்டில் பழகிய தொழிலாளிகளிடம் அவற்றைக் கொடுங்கள். திறந்த இடத்தில், தீயணைப்பு தெரிந்தவர் பக்கத்தில் நிற்க, அவர்களே பின்னை இழுத்து அடிக்கட்டும்.