வாந்தி வராத பிராணிக்கு வாந்தி மருந்து!

"கழுதை வாந்தி எடுத்து எங்கயாவது பார்த்திருக்கியாடா?"

கால்நடை டாக்டரான என் நண்பன் இப்படித் திடுதிப்பென்று கேட்டபோது நான் இரண்டாவது இட்லியில் இருந்தேன். கழுதை போஸ்டர் தின்று பார்த்திருக்கிறேன். உதைத்துப் பார்த்திருக்கிறேன் (உதை வாங்கியது நானில்லை!). வாந்தி...? ஊஹூம்!

"பார்த்திருக்க மாட்டே. கழுதை, குதிரை ரெண்டுக்கும் வாந்தி எடுக்க வராது" என்றான்.

உணவுக்குழாய் இரைப்பையில் சேருகிற இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறதாம். மகா முரட்டு வளையம். குழாயும் சாய்வாக உள்ளே நுழைகிறது. வயிறு உப்ப உப்ப, வாசல் இன்னும் இறுகுமே தவிரத் திறக்காது. சுத்தமான ஒன்வே டிராஃபிக். ரொம்ப உப்பினால் இரைப்பையே கிழிந்துபோகும் என்கிறான்.

அப்படியிருக்க, குதிரை வைத்தியத்தில் மெட்டோகுளோப்ரமைடு எதற்கு? நாம் வாந்திக்குப் போட்டுக்கொள்ளும் அதே சரக்குதானே?

"வாந்திக்கு இல்லடா. ஸ்டிரைக் பண்ற குடலை வேலை செய்ய வைக்க!"

கழுதைக்கு இது உயிர்ப் பிரச்னை. வயிற்றுவலி வந்தால் குதிரை உருண்டு புரண்டு ஊரைக் கூட்டும். கழுதை ஓரமாகப் போய்த் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். இரண்டு மூன்று நாள் தீனி எடுக்காவிட்டால், உடம்புக் கொழுப்பு கரைந்து ரத்தத்தில் கலந்து கல்லீரலைப் பதம் பார்க்கும். அதனால் குடல் நகர்ந்தே ஆகவேண்டும்.

மருந்து குடலோடு நின்றால் தேவலை. இந்த வகை மருந்துகளில் சில, இதயத்திலும் கை வைக்கின்றன. ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயத்தின் செல்கள் பொட்டாசியத்தை வெளியேற்றி ரீசார்ஜ் ஆகவேண்டும். டாம்பெரிடோனும் சிசாப்ரைடும் அந்தப் பொட்டாசிய வாசலை அடைக்கக் கூடியவை. ஈசிஜியில் க்யூ-வுக்கும் டி-க்கும் நடுவே உள்ள இடைவெளி நீளும். ரொம்ப நீண்டால் தாளம் தப்பும். தாளம் தப்பினால் ஆளே காலி.

இது மனுஷன் பட்டுத் தெரிந்துகொண்டது. டாம்பெரிடோன் ஊசி 1980-களிலேயே வாபஸ். புற்றுநோயாளிகளுக்கு அதிக அளவில் போட்டதில் இதயம் நின்றுபோனது. சிசாப்ரைடு? 80 சாவுகள் பதிவான பிறகு 2000-ல் அமெரிக்க மார்க்கெட்டை விட்டே போனது.

கழுதைக்கு இன்னொரு கஷ்டம்: அதன் டோஸ் பெரும்பாலும் குதிரையிடம் கடன் வாங்கியது! பி.காம். படித்த எனக்கே இது தப்புக் கணக்கு என்று தெரிகிறது. ஃபினைல்பியூட்டசோன் என்ற வலி மருந்தைக் கழுதை, குதிரையைவிட வேகமாகக் கழித்துவிடும். மயக்கத்துக்குத் தருகிற குவைஃபெனெசினில் கதை தலைகீழ். கொஞ்சத்திலேயே மூச்சு மந்தமாகிவிடும். சும்மா நிற்கிற குதிரைக்கு நிமிஷத்துக்கு 28 முதல் 44 துடிப்பு. கழுதைக்கு 36 முதல் 52. துடிப்பு மாறினால் அந்த க்யூ-டி அளவும் மாறும். குதிரை ஈசிஜியை வைத்துக்கொண்டு கழுதைக்கு நார்மல் பார்த்தால் எப்படி?

"அதனாலதான் கழுதைக்குத் தனியா ஈசிஜி எடுத்துப் பார்க்கணும்னு நான் கத்தறேன். கழுதைக்கு எதுக்குய்யா ஈசிஜின்னு சிரிக்கிறானுங்க" என்றான். அவன் சிரிக்கவில்லை.

நான் இட்லியை முடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் பாக்கெட்டிலிருந்து மாத்திரையை எடுத்தேன். ஆபீஸ் டென்ஷன், நேரங்கெட்ட சாப்பாடு... காலையில் குமட்டும். மூன்று மாசமாக டாம்பெரிடோன்தான் துணை.

நண்பன் அட்டையைப் பிடுங்கினான். "ஒரு நாளைக்கு முப்பது மில்லிகிராமுக்கு மேல வேணாம், ஒரு வாரத்துக்கு மேல வேணாம்னு ஐரோப்பாவுல 2014-லயே சொல்லிட்டான். மூணு மாசமா? யார் எழுதிக் கொடுத்தா?"

"மெடிக்கல் ஷாப்ல..."

"வேற என்ன மாத்திரை போடறே?"

"தேமலுக்கு ஃப்ளூகோனசோல்..."

தலையில் அடித்துக்கொண்டான். டாம்பெரிடோனைக் கரைக்க வேண்டிய கல்லீரலின் கையை அது கட்டிப்போடுமாம். போதாததற்கு, அதுவும் க்யூ-டியை நீட்டுகிற ஆசாமியாம்!

"எந்திரி, ஈசிஜி எடுக்கலாம்."

"உன் கிளினிக்லயா?"

"நீ கழுதையா இருந்தா அங்கயே எடுத்திருப்பேன். மனுஷ டாக்டர்கிட்ட வாடா!"

க்யூ-டி எல்லைக்கோட்டில் நின்றது. இரண்டு மாத்திரையும் கட். பத்து நாளில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.