மாத்திரை இலவசம், அந்த நாளின் கூலி?

பாவூர்சத்திரம், ஆலங்குளம், கடையநல்லூர் பக்கம் மத்தியான வேளையில் தெருவுக்குள் நுழைந்தால், திண்ணைகளில் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். கடையில் எடை போட்டுக் கொடுத்த இலைக்கும் தூளுக்கும் எண்ணிக்கை குறையாமல் பீடி கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும். ஆயிரம் பீடி என்றால் ஏறக்குறைய ஒரு முழுநாள் வேலை. சமையல், தண்ணீர், பிள்ளைகள் எல்லாம் அதற்கு இடையில்தான்.

இவர்களில் ஒருவருக்குச் சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ வந்துவிட்டது என்று வையுங்கள். அரசு மருத்துவமனையில் மாத்திரைக்குக் காசு இல்லை. 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை. ஆனாலும் பஸ் வராத ஊரிலிருந்து மெயின் ரோடு வரை ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். வெறும் வயிற்றில் ஒருமுறை ரத்தம் கொடுத்து, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்து மறுபடியும் கொடுக்க வேண்டும். சீட்டு வாங்கி வரிசையில் நின்று மருந்து வாங்கி வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். அன்றைய பீடி இல்லை, அன்றைய கூலியும் இல்லை. துணைக்கு மகள் வந்திருந்தால் அவள் கூலியும் போனது. அந்த வாரம் குழுக்கடன் தவணை வேறு நிற்கும்.

அடுத்த மாதம் அவர் போவதில்லை. இருக்கிற மாத்திரையை இரண்டு வேளைக்குப் பதில் ஒரு வேளையாக்கி இழுத்துப் பிடிக்கிறார். மூன்றாம் மாதம் போகும்போது கேள்வி வரும்: “மாத்திரை ஒழுங்கா சாப்பிடுதீங்களாம்மா?” பதில் தயாராக இருக்கும்: “சாப்பிடுதேன் சார்.”

திட்டு விழும் என்ற பயத்தில் சொல்லும் இந்தச் சின்னப் பொய்யின் ஆபத்தைப் பலர் உணர்வதில்லை. மாத்திரை உள்ளே போயும் சர்க்கரை இறங்கவில்லை என்று நினைக்கும் மருத்துவர் அளவைக் கூட்டி எழுதுவார். கூட்டிய மாத்திரையை நோயாளி ஒருநாள் பயத்தில் முழுசாகப் போட்டு, வேலை மும்முரத்தில் சாப்பாட்டையும் தள்ளிப் போட்டால், சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயங்கி விழ நேரும். விட்ட நாளை விட்டதாகச் சொல்லிவிடுவதுதான் உயிருக்குப் பாதுகாப்பு. அதைச் சொல்ல முடிகிற சூழலை உண்டாக்கும் பொறுப்பு, கேள்வி கேட்பவருக்கு உண்டு. “ஏன் போடல?” என்று அதட்டுவதற்குப் பதில் “எத்தனை நாள் விட்டுப்போச்சு, எதனால போச்சு?” என்று கேட்டால் பாதி உண்மை அங்கேயே வந்துவிடும்.

தனி ஒருவரின் அலட்சியம் என்று இதை ஒதுக்க முடியாது. 2020-ல் தமிழ்நாட்டில் நடந்த தொற்றாநோய்க் கணக்கெடுப்பில், ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும், சர்க்கரை உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருந்தது. வளர்ந்த நாடுகளிலேயே நாள்பட்ட நோயாளிகளில் சுமார் பாதிப் பேர்தான் சொன்னபடி மருந்து எடுக்கிறார்கள் என்று 2003-ல் உலக சுகாதார நிறுவனம் எழுதியது. நோயாளியை மட்டும் குறை சொல்வது தவறு, வறுமையும் மருத்துவமனை நடக்கும் விதமும் சேர்ந்துதான் இதைத் தீர்மானிக்கின்றன என்று அதே அறிக்கை சொல்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியபோது, அந்த உண்மையை அரசே ஒப்புக்கொண்டதாக நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தத் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை வீட்டுக்கே வர வேண்டும். உங்கள் தெருவுக்கு வரவில்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது சலுகை அல்ல, உங்களுக்கு உரியது.

காசநோயில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம், தினமும் மாத்திரை. 35 முதல் 49 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாளைக்கு மூன்று பெரிய மாத்திரைகள். குமட்டும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். ரத்தம் போகிறது என்று பயந்தே சிலர் நிறுத்திவிடுகிறார்கள். அது மருந்தின் நிறம்தான், கெடுதல் இல்லை. ஆனால் கண் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறியதும், ‘சரியாயிட்டு’ என்று வேலைக்குத் திரும்புகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். பாதியில் விட்டால் நோய் திரும்பும். மருந்துக்கு அடங்காத காசநோயாகவும் மாறலாம்.

இந்த நோயில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் சிகிச்சை ஆய்வு மையம், 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை சானடோரியம் எனப்பட்ட காசநோய் மருத்துவமனையிலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து வைத்தியம் பார்த்தது. வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான குடியிருப்புகளில், குறைந்த சாப்பாட்டில் வாழ்ந்த ஏழைகள். 1959-ல் முடிவு வெளியானது: வீட்டு வைத்தியமும் ஏறக்குறைய அதே அளவுக்குப் பலன் தந்திருந்தது. உலகமே சானடோரியங்களை மூட இது வழி காட்டியது. ‘சாப்பாடு முக்கியமில்லை, மருந்து போதும்’ என்று இதிலிருந்து சிலர் எடுத்துக்கொண்டது எனக்கு உடன்பாடில்லை. அந்த ஆய்வில் பணியாளர்கள் நோயாளியின் வீட்டுக்குத் தேடிப்போனார்கள்; சொல்லாமல் போய் சிறுநீர் வாங்கி, மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள்; வராதவரை விடாமல் பின்தொடர்ந்தார்கள். அந்தக் கவனிப்பும் சேர்ந்துதான் சிகிச்சை. சாப்பாட்டைப் பற்றி ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு 2023-ல் வந்தது. சத்துணவுப் பொருள் கொடுத்த குடும்பங்களில், நோயாளியோடு வாழ்பவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 40 விழுக்காடு குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை கூடிய நோயாளிகளிடம் மரணமும் வெகுவாகக் குறைவாக இருந்தது.

அதனால்தான் காசநோயாளியின் சத்துணவுக்கு அரசு தரும் ‘நிக்‌ஷய் போஷண்’ உதவித்தொகையை விட்டுவிடக் கூடாது என்கிறேன். 2018 ஏப்ரலில் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கியது, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். ஆறு மாதச் சிகிச்சைக்கு மூவாயிரம் மூவாயிரமாக இரண்டு தவணையில் வங்கிக்கணக்குக்கு வரும். தனியார் மருத்துவரிடம் பார்க்கும் நோயாளிக்கும் உண்டு. காசநோயை அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் தனியாருக்கும் கட்டாயம். பணம் வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் கணக்கில்தான் இருக்கிறது: ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர், பல வருடம் தொடாமல் முடங்கிய கணக்கு, பெண்ணுக்குச் சொந்தக் கணக்கே இல்லாதது. மாத்திரை தொடங்கும் வாரத்திலேயே இதைச் சரிபார்த்துவிடுங்கள். சொந்தக் கணக்கு இல்லையென்றால் ஒப்புதல் எழுதிக்கொடுத்து நெருங்கிய உறவினர் கணக்கில் வாங்கலாம். ஆனால் அந்தக் காசு முட்டை, பருப்பு, கடலையாக நோயாளியின் தட்டுக்கு வருகிறதா என்பதை வீட்டில் யாராவது பார்க்க வேண்டும். சந்தேகத்துக்கு 1800 11 6666 என்ற இலவச எண் இருக்கிறது.

உடம்பு மிகவும் மெலிந்து, மூச்சு வாங்கி, பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாத நிலையில் வரும் நோயாளியை மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. 2022-ல் தமிழ்நாட்டில் வந்த காசநோய் இறப்பில்லாத் திட்டம், இப்படிப்பட்டவர்களை முதலிலேயே கண்டுபிடித்து உள்நோயாளியாகச் சேர்க்கச் சொல்கிறது. “சேர்த்துக்கிடுங்க” என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

பீடித் தொழிலாளிக்கு இன்னொரு வாசலும் உண்டு. முக்கூடலில் மத்தியத் தொழிலாளர் நலத்துறையின் பீடித் தொழிலாளர் மருத்துவமனை இருக்கிறது. காசநோய், புற்றுநோய், இதயம், சிறுநீரகம் போன்ற நோய்களுக்கு நலத்துறை உதவியும் உண்டு. அதற்கு அடையாள அட்டை வேண்டும். பல வீடுகளில் சிக்கல் இங்கேதான். சுற்றுவது அம்மா, மருமகள், மகள் என்று மூன்று பேர், கடைப் பாஸ்புக்கில் இருப்பது ஒரே பெயர். மற்ற இருவரும் கணக்கில் தொழிலாளியே இல்லை, பி.எஃப்.பும் இல்லை, அட்டையும் இல்லை. சுற்றுகிற ஒவ்வொருவர் பெயரையும் ஏற்றச் சொல்லிக் கேட்பது, நோய் வருவதற்கு முன்பே செய்ய வேண்டிய காரியம். வயல்வேலை செய்பவர்கள் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை வைத்திருந்தால், இதுபோன்ற நோய்க்காலத்தில் தற்காலிக இயலாமை உதவித்தொகைக்கு வருவாய்த்துறையில் மனுக் கொடுக்கலாம்.

குற்றாலத்தில் கதை வேறு மாதிரி. ஜூனில் சாரல் விழுந்து பேரருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் கொட்டத் தொடங்கினால், விடுதி, சாப்பாட்டுக்கடை, எண்ணெய் மசாஜ், பழக்கடை என்று எல்லாருக்கும் அந்த மூன்று மாதம்தான் வருடத்துக்குச் சோறு. சீசனில் யாரும் ஆஸ்பத்திரிக்கென்று லீவு கேட்பதில்லை, கேட்டால் மறுநாள் வேறு ஆள் நிற்பார். சீசன் முடிந்தால் பலர் வேறு ஊருக்கு வேலை தேடிப் போகிறார்கள். ஊர் மாறும்போது காசநோய் மருந்தை நிறுத்தவே தேவையில்லை. காசநோய்ப் பதிவின் நிக்‌ஷய் எண்ணைச் சொன்னால் நாட்டின் எந்த ஊருக்கும் சிகிச்சையை மாற்றித் தருவார்கள், கேரளமானாலும் சரி. சர்க்கரை, ரத்தக்கொதிப்புக்காரர்கள் கிளம்புவதற்கு முன்பே சொல்லி, கூடுதல் நாட்களுக்கு மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் விடுதியில், மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. போதிய நாட்கள் சந்தா கட்டியிருந்தால் நோய் விடுப்புக்கு 91 நாள் வரை 70 விழுக்காடு கூலி. காசநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு, இரண்டு ஆண்டுத் தொடர் வேலை இருந்தால், இந்த உதவி 80 விழுக்காடாக நீளும்.

மூலிகைக்குப் பேர்போன ஊர் குற்றாலம். சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. தகுதி பெற்ற சித்த மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள். நான் எச்சரிப்பது, ‘ஒரு மண்டலத்தில் சர்க்கரை ஓடிவிடும், மாத்திரையை நிறுத்திவிடுங்கள்’ என்று சொல்லிப் பொட்டலம் விற்பவர்களைப் பற்றி. மாதாமாதம் அலைந்து கூலியை இழந்த ஒருவருக்கு, ஒரே தடவை பணம் கட்டினால் தீரும் என்ற பேச்சு இனிக்கத்தான் செய்யும். சர்க்கரை, புற்றுநோய், காசநோய், ரத்தக்கொதிப்பைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. அப்படி நோட்டீஸ் கண்டால் மாவட்ட ஆட்சியரிடம் கொடுங்கள். எந்த நாட்டு மருந்து எடுத்தாலும் இன்சுலினை மட்டும் யார் பேச்சைக் கேட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இன்சுலின் என்றதும் ஒரு சின்ன விஷயம். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை என்பதாலேயே ஊசியைத் தவிர்ப்பவர்கள் உண்டு. அகல வாய் மண்பானையில் மணல் பரப்பித் தண்ணீர் ஊற்றி ஈரமாக்கி, அதற்குள் சின்ன மண்கலயத்தை வைத்து, மருந்துக் குப்பியை பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கலயத்துக்குள் வைத்து மூடுங்கள். நிழலில், காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும், மணல் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பயன்பாட்டில் இருக்கும் ஒரு குப்பிக்கு இந்தக் குளிர்ச்சி போதும்.

கடையநல்லூர்ப் பக்கம் வேறொரு பயம்: நெஞ்சுப் படத்தில் தழும்பு தெரிந்தால் வளைகுடா வேலைக்கான மெடிக்கலில் தள்ளிவிடுவார்கள் என்று இருமலையே மறைக்கும் இளைஞர்கள். மறைப்பதால் தழும்பு குறையாது, பெருகும். சீக்கிரம் பிடித்த நோய்தான் குறைவான தடத்தோடு ஆறும்.

தனியாரிடம் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இரண்டு. எழுதிய மருந்தை அந்த மருத்துவமனைக் கடையிலேயே வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைப் பட்டியல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொன்னால், 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலோ மக்கள் மருந்தகத்திலோ குறைந்த விலையில் வாங்கலாம். அடுத்தது, உங்கள் சிகிச்சைக் குறிப்புகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்து வைத்திருக்கட்டும். ஆனால் அது பெரிய சிகிச்சைகளுக்கு, மாதாந்திர மாத்திரைக்கு அல்ல.

இவ்வளவு திட்டம் இருந்தும் அந்தப் பீடித்தொழிலாளியின் ஒருநாள் கூலிக்கு இன்னும் பதில் இல்லை. நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலை 8 முதல் 12 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் இயங்குகின்றன. தட்டை இறக்கி வைத்துவிட்டு மாலையில் போய் மருந்து வாங்கிவிடலாம். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வாரத்தில் இரண்டு மாலையாவது அப்படி வேண்டும், குற்றாலத்தில் சீசன் மூன்று மாதமும் வேண்டும். தமிழ்நாட்டில் கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். நிறைவேறிய தீர்மானத்தின் நகலோடு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்து, மனு எண்ணை மறக்காமல் வாங்கி வாருங்கள்.