சத்திரத்து முகவரியும் சொந்த முகவரியும்

திண்டுக்கல்லிலிருந்து பழநி செல்லும் சாலையில் ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் என இரண்டு ஊர்கள் சத்திரத்தைத் தம் பெயரிலேயே தாங்கி நிற்கின்றன. சத்திரத்தில் தங்குவோர் பலர், முகவரியோ ஒன்றே. வந்த மடலை உரியவரிடம் சேர்ப்பது சத்திரத்து மணியக்காரரின் பொறுப்பு. இணையத்தைப் பயன்படுத்தும் நம்மில் பலர் இன்றும் இத்தகைய சத்திரவாசிகளே என்றால் வியப்பாக இருக்கலாம்.

இணையத்தில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். 1981இல் வகுக்கப்பட்ட நான்காம் பதிப்பு நெறிமுறை இதற்கென 32 இரும இலக்கங்களை ஒதுக்கியது. அவற்றால் அமைவன ஏறத்தாழ 429 கோடி முகவரிகள். ஒரு சில ஆய்வுக்கூடங்களை இணைத்த வலைக்கு அது கடலளவாகத் தோன்றியது. அன்றைய உலக மக்கள்தொகைக்கே அது குறைவு.

பங்கீடும் செம்மையாக இல்லை. முதல் வகுப்பினர்க்கு 1 கோடியே 67 லட்சம், இரண்டாம் வகுப்பினர்க்கு 65,536, மூன்றாம் வகுப்பினர்க்கு 256 என மூன்றே அளவுகள். முந்நூறு கணிப்பொறிகள் வைத்திருந்த நிறுவனம், மூன்றாவது போதாமையால் இரண்டாவதைப் பெற்றுப் பெரும்பகுதியை வீணே பூட்டி வைத்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் ஒன்றுக்கே ஒரு முதல் வகுப்புத் தொகுதி வாய்த்தது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் தன் தொகுதியை 2000இல் திருப்பியளித்ததை மட்டும் நாம் மனமாரப் பாராட்டலாம். 1993இல் வகுப்பு முறை கைவிடப்பட்டு, தேவைக்கேற்ப அளந்து தரும் முறை வந்தது.

நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15இல்தான் தொடங்கிற்று. பந்திக்குப் பிந்தியோர் நிலைதான் நமக்கு. 2011 பிப்ரவரி 3இல் உலகக் கையிருப்பு தீர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 15 முதல் ஆசிய-பசிபிக் வட்டாரம் ரேஷன் முறைக்கு வந்தது: ஒரு நிறுவனத்துக்கு 1,024 முகவரிகளே அப்போதைய வரம்பு.

ஆகவே சேவை நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பலருக்குப் பகிர்ந்தளிக்கின்றன. உள்ளிருந்து வெளியே செல்லத் தடையில்லை. வெளியிலிருந்து நேரே உள்ளே வருவதுதான் அரிது. ரெட்டியார்சத்திரத்து விவசாயி ஒருவர் தம் கிணற்று மோட்டாரை வெளியூரிலிருந்து இயக்க விரும்பினால், இடையில் வேறொருவரின் கணிப்பொறியை நாட நேர்கிறது. ஒருவர் செய்த குற்றத்துக்காக முகவரி தடை செய்யப்பட்டால், அதனைப் பகிர்ந்த ஏதுமறியாதவரும் தண்டிக்கப்படுகிறார்.

இதற்கு மாற்றாக 1995இல் அறிவிக்கப்பட்டதே ஆறாம் பதிப்பு. (ஐந்தாம் எண் முன்னரே ஒரு சோதனை நெறிமுறைக்கு வழங்கப்பட்டுவிட்டது.) இதில் 128 இலக்கங்கள், 340 என்று எழுதி அதன்பின் 36 சுழியங்களை இட்டால் கிடைக்கும் எண்ணுக்கும் சற்று அதிகமான முகவரிகள்! ஆயினும் இது பழையதோடு நேரே உரையாடாது. 1983 ஜனவரி 1ஆம் நாளைக் குறித்து, அதற்கும் முந்தைய நெறிமுறைக்கு விடைகொடுத்தனர்; கணிப்பொறிகள் சில நூறே இருந்தமையால் அது இயன்றது. இன்று அவ்வாறு நாள் குறிக்க எவரால் இயலும்? இரண்டும் அருகருகே ஓடுகின்றன, செலவும் இரட்டிப்பாகிறது.

இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2010இல் மாற்றத் திட்டத்தை வெளியிட்டது, கெடுக்கள் நீண்டன. 2016இல் ஜியோ கைப்பேசிச் சேவை ஆறாம் பதிப்புடன் பரவியபின் நிலைமை மாறி, இன்று நம் நாட்டு இணையப் பயனாளரில் பாதிக்கு மேற்பட்டோர் புதிய முகவரி பெற்றுள்ளனர். ஆனால் எதிர்முனையிலுள்ள தளம் பழையதாயின் மீண்டும் சத்திரத்து வழியே செல்ல வேண்டும். செக் குடியரசு தன் அரசுச் சேவைகளில் நான்காம் பதிப்பை 2032 ஜூன் 6இல் நிறுத்துவதாக நாள் குறித்துள்ளது. நம் அரசுத் தளங்களுக்கு இன்னும் அத்தகைய நாள் குறிக்கப்படவில்லை.