கேம் கம்ப்யூட்டருக்கு எந்த பிராசசர்? சாக்கெட்டைப் பார், அப்புறம் ராக்கெட்டைப் பார்!



பெருங்குடி, தரமணி பக்கத்து டிப்ளமோ மாணவன் ஒருவன் கேம் விளையாட கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறான் என்றால் அது சின்ன விஷயம் இல்லை. பார்ட் டைம் வேலைக் காசு, ஸ்காலர்ஷிப், அப்பாவின் போனஸ், அம்மாவின் சீட்டுப் பணம் எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பெட்டி மேசைமேல் வந்து உட்காருகிறது. அதிலேதான் ஆட்டோகேடும் ஓட வேண்டும், பைனல் இயர் பிராஜெக்டும் முடிய வேண்டும். இரண்டே வருஷத்தில் "பழசாயிடுச்சு, வேற வாங்கிக் குடுங்க" என்று வீட்டில் கேட்க முடியுமா?

இதற்கு நம் நண்பர்கள் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. "மச்சி, இருக்கறதிலேயே பெரிய பிராசசரா போட்டுடு. பத்து வருஷம் கவலையே இல்ல!" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டரின் ஆயுளைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது பிராசசரின் விலை அல்ல; அது உட்காரும் சாக்கெட். ஏன் என்று பார்ப்போம்.

பிராசசருக்கு கேமில் என்ன வேலை?

எதிரி எந்தப் பக்கம் ஓடுகிறான், குண்டு யார்மேல் பட்டது, கார் எப்படிக் கவிழ்ந்தது என்ற கணக்கெல்லாம் பிராசசர் போடுவது. அந்தக் கணக்கை வாங்கிப் படமாக வரைவது கிராபிக்ஸ் கார்டு. தோசை மாஸ்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் மாவு வந்தால்தானே ஊற்றுவார்?

கணக்காகவே பார்க்கலாம். நொடிக்கு 60 பிரேம் வேண்டுமென்றால் ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லி செகண்ட். 144 பிரேம் என்றால் சுமார் 7 மில்லி செகண்ட்தான். உங்கள் பிராசசர் ஒரு பிரேமுக்கு 10 மில்லி செகண்ட் எடுத்துக்கொண்டால், லட்ச ரூபாய் கிராபிக்ஸ் கார்டு மாட்டினாலும் 100 பிரேமைத் தாண்டாது. அதே சமயம் உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ்தான் என்றால், 7 மில்லி செகண்டில் முடிக்கும் பிராசசருக்குக் கொட்டிய பணம் கண்ணுக்கே தெரியாது. எனவே முதலில் மானிட்டரைப் பாருங்கள்.

கோர், கிகாஹெர்ட்ஸ், கேஷ்

2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் இரண்டிலும் இருப்பது ஏஎம்டியின் ஜென் 2 வகையைச் சேர்ந்த 8 கோர்கள். பெரிய கேம்கள் அந்த அளவை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. ஆகவே இன்று புதிதாக வாங்குபவர் 4 கோர் பக்கமே போக வேண்டாம். புதிய தலைமுறை 6 கோர் போதும்; 8 கோர் தாராளம். அதற்கு மேல் வெறும் கேமுக்கு அவசியமில்லை.

பெட்டியில் எழுதியிருக்கும் கிகாஹெர்ட்ஸை மட்டும் நம்பாதீர்கள். ரைசன் 7 5800எக்ஸ் அதிகபட்சம் 4.7 கிகாஹெர்ட்ஸ். அதன் தம்பி 5800எக்ஸ்3டி 4.5 மட்டுமே. ஆனால் பல கேம்களில் தம்பிதான் முந்துகிறான்! காரணம் கேஷ். அண்ணனுக்கு எல்3 கேஷ் 32 எம்பி, தம்பிக்கு 96 எம்பி. சமையல் சாமான் கைக்கு எட்டும் அலமாரியிலேயே இருந்தால், ஒவ்வொரு தடவையும் மளிகைக் கடைக்கு, அதாவது ராமுக்கு, ஓட வேண்டியதில்லை அல்லவா?

2017 சொல்லித் தரும் பாடம்

2017 ஜனவரியில் இன்டெல் ஐ7-7700கே வெளிவந்தது. 4 கோர், 8 த்ரெட். அன்றைக்கு கேமில் அதுதான் ராஜா. அதே ஏப்ரலில் ஏஎம்டியின் ரைசன் 5 1600 வந்தது. 6 கோர், 12 த்ரெட், விலையும் குறைவு. கேமில் மட்டும் கொஞ்சம் பின்தங்கியது.

அதற்குப் பின் நடந்ததைப் பாருங்கள். அதே வருஷம் அக்டோபரில் இன்டெல்லின் 8ஆம் தலைமுறை வந்தது. சாக்கெட் பெயர் அதே எல்ஜிஏ 1151தான். ஆனால் பழைய போர்டில் ஓடாது, புது போர்டு வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். 7700கே வாங்கியவருக்கு மேலே போக அந்த போர்டில் படியே இல்லை. 2021இல் விண்டோஸ் 11 வந்தபோது அந்த பிராசசர் மைக்ரோசாப்டின் பட்டியலிலும் இல்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது.

ரைசன் 1600ம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அது உட்கார்ந்திருந்தது ஏஎம்4 சாக்கெட்டில். 2017இல் வாங்கிய பல பி350 போர்டுகளில் பயாஸ் அப்டேட் செய்து, 2022 ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டியை மாட்ட முடிந்தது. போர்டு அதே, ராம் அதே, பெட்டி அதே. பிராசசரை மட்டும் மாற்றினார்கள், கம்ப்யூட்டர் புதுசாகிவிட்டது!

ஒன்றையும் மறைக்கக் கூடாது. 2020இல் ஏஎம்டியும் 'பழைய போர்டுகளில் 5000 சீரீஸ் ஓடாது' என்றுதான் முதலில் சொன்னது. வாங்கியவர்கள் கூச்சல் போட்ட பிறகே 400 சீரீஸ் போர்டுகளுக்கு இறங்கி வந்தது. 300 சீரீஸுக்கு 2022 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கம்பெனி வாக்குறுதி கல்வெட்டு அல்ல. ஆனாலும் வழியே இல்லாத சாக்கெட்டைவிட வழி இருக்கும் சாக்கெட் மேல்.

இப்போது எதை வாங்கலாம்?

ஏஎம்5: 2022 செப்டம்பரில் வந்தது. 2027 வரையாவது இந்த சாக்கெட்டைத் தொடர்வோம் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. இன்று 6 கோர் ரைசன் 5 7600 போட்டுவிட்டு, வேலைக்குப் போன பிறகு ஒரு எக்ஸ்3டி பிராசசர் வாங்கி மாட்டலாம். டிடிஆர்5 ராம் மட்டுமே பொருந்தும் என்பதுதான் சங்கடம்; 2025 கடைசி மாதங்களில் ராம் விலை மளமளவென்று ஏறியது. எனவே ராம் விலையையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

ஏஎம்4: கையில் ஏற்கனவே டிடிஆர்4 ராம் இருந்தால் ரைசன் 5 5600 இன்னமும் நல்ல குதிரை. ஆனால் இந்தப் பாதை ஏறக்குறைய முடிந்த பாதை.

இன்டெல் எல்ஜிஏ 1700: 12, 13, 14 ஆகிய தலைமுறைகள் உட்காரும். ஐ5-12400எஃப் குறைந்த செலவில் கேமுக்குப் போதுமானது. செகண்ட் ஹேண்டில் 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வந்தால் மட்டும் உஷார்! அதிக வோல்டேஜினால் சில பிராசசர்கள் கெட்டுப்போவதாக 2024இல் பெரிய பிரச்சினை எழுந்தது. இன்டெல் மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டது, வாரண்டியையும் 2 வருஷம் நீட்டித்தது. ஏற்கனவே பழுதானதை எந்தத் திருத்தமும் சரி செய்யாது.

இன்டெல் மாடலில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. இப்போதைக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்கக் காசு இல்லை என்பவர்கள் 'எஃப்' வாங்கினால் மானிட்டரில் படமே வராது.

நம்ம ஊர் வெயில்

கூலர் செய்வது அறைச் சூட்டைவிட இவ்வளவு டிகிரி மேலே நிறுத்தி வைப்பதுதான். 20 டிகிரி ஏசி அறையில் 70 டிகிரியில் ஓடும் பிராசசர், மே மாதம் 35 டிகிரி அறையில் சுமார் 85க்குப் போகும். சூடு எல்லை மீறினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதிக வாட் குடிக்கும் பிராசசருக்குக் கூலர், பவர் சப்ளை, கரண்ட் பில் மூன்றிலும் செலவு. 100 வாட் வித்தியாசம், தினம் 4 மணி நேரம் என்றால் 60 நாளில் 24 யூனிட்! நமக்கு 65 வாட் வகையே உத்தமம்.

ரிச்சி தெருவுக்குப் போகும் முன்

பெருங்குடியில் பறக்கும் ரயில் ஏறினால் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தே போகலாம். போகும்போது இவற்றை மனதில் வையுங்கள்.

1. சீல் உடையாத பெட்டியில் வரும் பிராசசருக்கு 3 வருஷ கம்பெனி வாரண்டி உண்டு. பெட்டி இல்லாத 'ட்ரே' பிராசசர் மலிவு. அதற்குக் கடைக்காரர் வாய் வார்த்தைதான் வாரண்டி. ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள்.

2. மதர்போர்டில் நான்கு ராம் இடம் இருந்தால் நல்லது. வோல்டேஜ் பகுதியில் ஹீட் சிங்க் இருக்க வேண்டும். நாளைக்குப் பெரிய பிராசசரைத் தாங்கப் போவது அதுதான்.

3. ஆபீஸ்களில் கழித்துவிட்ட கம்ப்யூட்டர் மலிவாகக் கிடைத்தால் தலைமுறையைப் பாருங்கள். இன்டெல் 8ஆம் தலைமுறைக்குக் கீழே விண்டோஸ் 11 ஆதரவு இல்லை. பவர் சப்ளை சாதாரண வகைதானா என்றும் கேளுங்கள்.

4. பிராசசரில் மிச்சம் பிடித்த பணத்தை கிராபிக்ஸ் கார்டிலும் நல்ல பவர் சப்ளையிலும் போடுங்கள்.

நண்பர்களே, நாம் மெக்கானிக்கல் ஆனாலும் சிவில் ஆனாலும் படிப்பது பொறியியல். இன்றைய சுமைக்கு மட்டும் தூண் போடுபவன் பொறியாளன் அல்ல. நாளைக்கு மேலே ஒரு மாடி எழுப்ப இடம் விட்டுப் போடுபவனே பொறியாளன். கம்ப்யூட்டருக்கும் அதே விதிதான். போர்டில் நாளையை வாங்குங்கள், பிராசசரில் இன்றையை வாங்குங்கள். வீட்டுக்காசு வீணாகாது, விளையாட்டும் கெடாது!