ஐந்நூறு ரூபாய் என்று எழுதிய படம்



நம்மில் பலருடைய கடையில் கல்லாவுக்கு மேலே ஒரு சாமி படம் இருக்கும். காலையில் கடை திறந்ததும் அதற்குப் பூவைத்து, ஊதுபத்தி காட்டிவிட்டுத்தான் தராசைத் தொடுவோம். அந்தப் படத்திற்கு என்ன விலை என்று யாராவது கேட்டால் நமக்குச் சொல்லத் தெரியாது. விலை சொல்லத் தெரியாத பொருளைப் பார்சலில் அனுப்பினால் என்ன ஆகும் என்பதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். அது உங்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

எங்கள் தகப்பனார் கும்பகோணத்தில் 1958-ல் மண்டி தொடங்கியபோது, தஞ்சாவூரில் சொல்லிச் செய்து வாங்கிய மகாலட்சுமி படம் ஒன்று எங்களிடம் இருந்தது. பலாப் பலகை, தங்க ரேக்கு, கல் பதித்த வேலை. "இது சின்னவனுக்கு" என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். 2018-ல் தம்பி கோயம்புத்தூரில் தனிக்கடை வைத்தபோது அதை அனுப்பினோம்.

சிப்பம் கட்டுவது நமக்குப் புதிதா? பழைய சாக்கு, வைக்கோல், மேலே சணல் கயிறு என்று வெல்லச் சிப்பம் போலக் கட்டிக் கொடுத்தோம். பார்சல் ஆபீசில் மதிப்பு கேட்டார்கள். அதிகம் எழுதினால் கூடுதல் கட்டணம் வரும். நமக்குத்தான் பழக்கம் இருக்கிறதே! "சாமி படம் 1, மதிப்பு ரூ.500" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். வாடகை ரூ.180.

கடை திறப்பதற்கு முதல் நாள் தம்பி போன் செய்தான். "அண்ணே, கண்ணாடி நொறுங்கிக் கிடக்கு. தாயார் கைப்பக்கம் ரேக்கு பெயர்ந்து வந்துடுச்சு" என்றான். அவன் குரல் சரியில்லை.

பார்சல் ஆபீசுக்குப் போய்ச் சத்தம் போட்டோம். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். ரசீதை எடுத்து எங்கள் முன்னே வைத்தார். "ஐயா, ஐந்நூறு என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்?" என்றார். பதில் இல்லை. அதைவிட, தம்பி பிறகு கேட்டதுதான் உறுத்தியது: "அப்பா படத்துக்கு ஐந்நூறுன்னா எழுதினீங்க?"

சட்டம் சொல்வது

சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-ல் இயற்றப்பட்டு, 2011-ல் நடைமுறைக்கு வந்தது. 1865-ஆம் ஆண்டின் பழைய சட்டத்திற்குப் பதிலாக வந்தது இது. லாரி புக்கிங் ஆபீசுடன் கூரியர் நிறுவனங்களும் இதில் அடங்கும். இதன் விதிப்படி சரக்கு சேதமானால் நிறுவனத்தின் பொறுப்பு, வாடகையைப் போலப் பத்து மடங்குதான். அதுவும் நாம் எழுதிக்கொடுத்த மதிப்பைத் தாண்டக் கூடாது. எங்கள் கணக்கில் பத்து மடங்கு ரூ.1,800, எழுதிய மதிப்பு ரூ.500, ஆகவே கிடைத்தது ரூ.500. கூடுதல் பொறுப்புக் கட்டணம் கட்ட ஒப்புக்கொண்டு புக் செய்தால்தான் இந்த வரம்பைத் தாண்ட முடியும்.

வழக்குப் போட வேண்டுமானால், புக் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு.

ரசீதின் பின்புறம் உள்ள பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனிக்கு அனுப்பிய ஆவணங்கள் கூரியரில் தொலைந்து, பல லட்சம் நஷ்டம் என்று வழக்காடிய ஒரு பின்னலாடை நிறுவனத்திற்கு, 1996-ல் உச்ச நீதிமன்றம் ரசீதில் கண்ட 100 டாலர்தான் என்று தீர்ப்பளித்தது. கையெழுத்துப் போட்டால் போட்டதுதான்.

படத்தின் உடம்பு

தஞ்சாவூர்ப் படம் என்பது காகிதப் படம் அல்ல. பலகை மேல் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் சேர்த்து மக்கு பூசி, மேடு எடுத்து, அதன் மேல் தங்க ரேக்கு ஒட்டுகிறார்கள். புளியங்கொட்டைப் பசையும் இதில் பயன்படுவது உண்டு. அது நம் கடைச் சரக்குதான். இந்த மேட்டு வேலை அழுத்தம் தாங்காது. ஈரமும் கடும் வெயிலும் ஆகாது. எங்கள் படத்தைக் கெடுத்தது உடைந்த கண்ணாடிதான். கண்ணாடிச் சில்லு உள்ளேயே உருண்டு ரேக்கைச் சுரண்டிவிட்டது.

தஞ்சாவூரில் ஒரு ஓவியரிடம் கொடுத்துச் செப்பனிட ரூ.14,000 ஆயிற்று. இரண்டாம் முறை அனுப்பும்போது அவர் சொன்னபடி செய்தோம்:

1. கண்ணாடியின் மேல் காகித நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினோம். உடைந்தாலும் சில்லு சிதறாது.

2. மூலைகளுக்கு அட்டைக் காப்பு வைத்து, தெர்மோகோல் பலகைகளுக்கு நடுவே நிறுத்தினோம்.

3. அதை மரப் பெட்டியில் அசையாமல் பொருத்தினோம். பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வரக் கூடாது.

4. படுக்க வைக்காமல் நிறுத்தி வைக்கும்படி பெட்டியின் நாலு பக்கமும் அம்புக்குறி போட்டு எழுதினோம்.

5. கட்டுவதற்கு முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வைத்தோம்.

மதிப்பு ரூ.40,000 என்று எழுதி, கூடுதல் கட்டணமும் கட்டி, இன்ஷூரன்சும் எடுத்தோம். பெட்டி உட்பட எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்கும் குறைவுதான். படம் பழுதில்லாமல் போய்ச் சேர்ந்தது.

இன்ஷூரன்ஸ் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டு சரியில்லாததால் வந்த சேதத்தைப் பாலிசி ஏற்காது. பல கூரியர் நிறுவனங்களின் நிபந்தனையில் ஓவியம், பழம்பொருள் ஏற்பதில்லை என்றே இருக்கும். மறைத்து அனுப்பினால் பின்னால் கேட்க வாயிருக்காது. பெட்டி வந்து சேரும்போது, திறந்து பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். சேதம் இருந்தால் டெலிவரி ரசீதிலேயே எழுத வேண்டும்.

இன்னொன்று. நூறு வருடத்திற்கு மேற்பட்ட ஓவியமும் சிலையும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி பழம்பொருளாகும். வெளிநாட்டில் உள்ள மகனுக்கு என்று தாத்தா காலத்துப் படத்தையோ விக்கிரகத்தையோ பார்சல் போட்டுவிடக் கூடாது. அது குற்றம். புதுப் படமே ஆனாலும் பழையது போலத் தோன்றினால், தொல்லியல் துறையிடம் பழம்பொருள் அல்ல என்ற சான்று வாங்கி அனுப்புவது நல்லது.

இது படத்தோடு முடிகிற விஷயம் இல்லை. ஏலக்காய் மூட்டைக்கும் நெய் டின்னுக்கும் இதே சட்டம்தான். ஐம்பது, நூறு மிச்சம் என்று மதிப்பைக் குறைத்து எழுதுகிறோம். சரக்கு நல்லபடியாகப் போய்ச் சேரும்வரை அது மிச்சமாகத்தான் தெரியும். சேதமான அன்று, நம் கையெழுத்தே நமக்கு எதிர்ச்சாட்சி.

தம்பி கடையில் கல்லாவுக்கு மேலே படம் இருக்கிறது. தாயார் கைப்பக்கம் உற்றுப் பார்த்தால் புது ரேக்கு கொஞ்சம் கூடுதலாக மின்னும். அங்கே போகும்போதெல்லாம் எங்கள் கண் முதலில் அங்கேதான் போகிறது. உங்களுக்கு அப்படி ஒரு அடையாளம் வேண்டாம்.